சிரிப்புக்கு ஐம்பது, அழுகைக்கு இருபது

சித்தூர்
3.6.2013

சுதீருக்கு,

பிரமிளா எழுதுவது. கையில் போன் இருக்கும்போது அண்ணி ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நாளைக்கே ‘நான் அப்படிச் சொல்லவில்லையே அண்ணி’ என்று தப்பித்துக்கொள்ளலாம். காகிதத்தில் இருந்தால் அது முடியாது. உங்கள் வாய்ச்சொல் எப்படிப்பட்டது என்று நான் ஒரு தடவை பார்த்தாயிற்று. டிஸ்க் பெட்டியைக் கண்டக்டர் கன்னையா எப்படியும் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறார். அதில் ஒரு காகிதமும் சேர்ந்து வந்தால் அவருக்கு ஒன்றும் கனக்காது. நீங்களும் இதே வழியில் பதில் எழுதுங்கள்.

உங்கள் விலைப் பட்டியல் வந்தது. காமெடி ஐம்பது, சண்டை நாற்பது, சாமி படம் நாற்பது, அழுகைப் படம் இருபது. தூக்கம் வரவழைக்கும் படத்துக்கு விலை போட மறந்துவிட்டீர்கள். நம் அலமாரியில் அதுதான் அதிகம்.

உங்கள் அண்ணன் இருந்தவரை இரண்டு கடையிலும் எந்தப் படமானாலும் முப்பது ரூபாய். எல்லாம் மூடிப்போன டி.வி.டி. வாடகைக் கடைகளின் பழைய டிஸ்க்குகள்தானே, மூட்டையாக வாங்கியவை, பாதிக்கு மேல் உறைகூட இல்லை. கீறல் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆரம்பத்தில் பத்து நிமிஷம், இடைவேளைக்கு முன் பத்து நிமிஷம், கிளைமாக்ஸில் பத்து நிமிஷம். பார்த்து முடித்ததும் காமெடிக்குப் பச்சை ஸ்டிக்கர், சண்டைக்குச் சிவப்பு, சாமிக்கு மஞ்சள், அழுகைக்கு நீலம். கேட்கிறவர்களுக்குச் சட்டென்று எடுத்துக் கொடுக்க ஒட்டியது அது, விலைக்காக இல்லை. அவர் போன பிறகு இந்த ஏழு மாதமாக இரண்டு கடைக்கும் நான்தான் ஓட்டிப் பார்த்து ஒட்டி அனுப்புகிறேன். இப்போது நான் ஒட்டிய ஸ்டிக்கரை வைத்தே என் கழுத்துக்குக் கயிறு போடப் பார்க்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். காமெடியும் சாமி படமும் விற்பது திருப்பதியில். என்னிடம் வருகிறவர்கள் குடிபாலாவிலிருந்தும் புத்தலப்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்கள். அவர்கள் கேட்பது அழுகைப் படம். அதை இருபதுக்கு விற்றால் இந்தக் கடை வாடகையைத் தாங்குமா? இரண்டு மாதம் கழித்து ‘சித்தூர் கடை ஓடவில்லை அண்ணி’ என்று நீங்களே வந்து ஷட்டரை இறக்கலாம். கடை ஒப்பந்தம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது. நான் கார்வேட்டிநகரம் போய் என் அண்ணன் வீட்டில், அவர் மனைவி எப்போது முகம் சுளிப்பாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதற்குத்தான் இந்தப் பட்டியலா?

பிரமிளா


திருப்பதி
7.6.2013

அண்ணிக்கு வணக்கம்.

பதினொரு வருஷமாக என்னைத் ‘தம்பி, நீ’ என்று கூப்பிட்டவர் ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. அப்படியே இருக்கட்டும், எனக்கும் மரியாதை கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன். தரிசனத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வேன் டிரைவர் என் கடை முன்னால் நிறுத்துகிறார். வழியில் போட ஒரு காமெடி வேண்டும் என்கிறார். ஐம்பது சொன்னாலும் எண்பது சொன்னாலும் வாங்குவார். அழுகைப் படத்தை எந்த வேன்காரரும் தொடுவதில்லை. மூன்று வருஷமாக ஒரே அடுக்கில் கிடக்கிறது. கேட்க ஆள் உள்ள சரக்குக்கு ஒரு விலை, ஆள் இல்லாத சரக்குக்கு ஒரு விலை. மார்க்கெட் யார்டில் எல்லாக் காயும் ஒரே விலைக்கா போகிறது? அண்ணனுக்கு இது புரியவில்லை. அவன் கடை நடத்தவில்லை, லைப்ரரி நடத்தினான். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் நிஜம் அதுதான்.

சித்தூர் கடையை மூடும் எண்ணம் எனக்கு இல்லை. என் பெயரில் ஒப்பந்தம் இருப்பது அன்றைக்கு என்னிடம் பான் கார்டு இருந்தது, அண்ணனிடம் இல்லை என்பதால். அதில் வேறு கணக்குப் போடாதீர்கள்.

ரகத்துக்கு எத்தனை டிஸ்க் உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது. வருகிற வியாழக்கிழமை என் மைத்துனர், தரணியின் அண்ணன் கிரண்குமார் சித்தூர் வருகிறார். அவர் எண்ணிக்கொண்டு வருவார்.

சுதீர்


சித்தூர்
15.6.2013

சுதீருக்கு,

உங்கள் மைத்துனர் வந்தார், டிஸ்க்கை எண்ணினார். மரியாதையான மனிதர், காபி கொடுத்தேன், குடித்தார். டம்ளரைக் கழுவ நான் பின்னால் போனபோது பையிலிருந்து டேப்பை எடுத்துக் கடையின் அகலத்தை அளந்தார். திரும்பி வந்து பார்த்தவுடன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல அக்கா, சும்மா பாத்தேன்” என்றார். சும்மா இருக்கிறவர்கள் டேப் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

டிஸ்க்கை எண்ண வந்தவருக்குச் சுவரின் அகலம் எதற்கு? புத்தூரில் அவருடைய செல்போன் கடை நஷ்டப்பட்டு மூடியதும் எனக்குத் தெரியும். ஒருவரை வெளியே அனுப்பாமல் இன்னொருவரை உள்ளே உட்கார வைக்க முடியாது. கடை பத்தடிக்கு எட்டடி. அவர் அளந்தது சரியா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் காயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காயைத் திருப்பிப் பார்த்தால் முற்றலா பிஞ்சா என்று தெரியும். ஒரு படம் யாருக்கு எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? சண்டைப் படம் பார்த்து அழுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். சாமி படம் பார்த்துச் சிரிக்கிறவரும் ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். இவர்களுக்கெல்லாம் என்ன விலை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதற்கு முன் கேட்டதில்லை. போன நவம்பர் பதினேழாம் தேதி, அப்படி மழை கொட்டிய சனிக்கிழமை, உங்கள் அண்ணனை அவசரமாகத் திருப்பதிக்கு எதற்குக் கூப்பிட்டீர்கள்? அங்கே என்ன நடந்தது? அவர் வண்டியில் திரும்பியது ஊருக்கே தெரியும், புத்தலப்பட்டு தாண்டி லாரி வந்ததும் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எனக்குத் தெரியாது.

பிரமிளா


திருப்பதி
19.6.2013

அண்ணிக்கு,

கிரண்குமாரிடம் கேட்டேன். அவர் அளந்தது உண்மைதான். கடையில் பாதியில் போன் ரீசார்ஜ் வைக்கலாம் என்று அவருக்கு ஒரு ஆசை. உங்களிடம் கேட்காமல் அளந்தது தப்பு. நான் அனுப்பி அளக்கவில்லை.

நவம்பர் விஷயம் எழுத்தில் வேண்டாம். கடை விஷயமாகத்தான் கூப்பிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன வாரம் நாகபூஷணம் என்று ஒரு பெரியவர் காமெடிப் படம் கேட்டு வந்தார். அவருடைய மருமகன் ஏப்ரலில் தவறிவிட்டாராம். அன்றிலிருந்து பெரியவரின் மனைவி லட்சுமம்மா பேசுவதும் இல்லை, சிரிப்பதும் இல்லை. ஏதாவது போட்டால் மனம் மாறுமே என்று வந்தார். நீங்கள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியதில் ஒன்றை ஐம்பது வாங்கிக்கொண்டு கொடுத்தேன். மறுநாள் காலையில் டிஸ்க்கைக் கல்லா மேல் வைத்தார். இடைவேளையில் புருஷன்காரன் மழையில் வண்டி எடுத்துக்கொண்டு போய் லாரியில் அடிபடுகிறானாம். அந்த அம்மாவை உட்கார வைத்து நாங்கள் காட்டிய காமெடி அது. நான் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினேன்.

“பைசா வேணாம்பா. இத்த காமெடின்னு எவன் ஒட்னான்னு மட்டும் சொல்லு” என்றார்.

அவர் போனதும் பச்சை அடுக்கு முழுவதும் இறக்கி ஒவ்வொன்றாக இடைவேளையை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இதுபோல் பன்னிரண்டு இருக்கிறது, அண்ணி. எல்லாம் நவம்பருக்குப் பிறகு நீங்கள் ஒட்டியவை. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி இடைவேளைக்கு முன் பத்து நிமிஷம் பார்த்த யாரும் அதில் பச்சை ஒட்ட மாட்டார்கள். தெரிந்துதான் ஒட்டியிருக்கிறீர்கள். என் பட்டியல் நாறிப்போக வேண்டும், ஐம்பது கொடுத்தவன் எல்லாம் வந்து என்னைத் திட்ட வேண்டும் என்பதுதானே? இந்த விலையைப் பற்றிப் போன தீபாவளிக்கே உங்கள் காதில் விழுந்திருக்கும். என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள். வாங்குகிறவர் மனதை நோகடிக்காதீர்கள்.

இதற்கு ஒரு நியாயமான பதில் வராவிட்டால் இந்த மாதக் கடைசியில் என்னிடம் இருக்கும் சித்தூர் கடைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவேன். மூடும் எண்ணம் இல்லை என்று எழுதியவன் நான்தான். மாற்றிக்கொள்ள வைத்தது நீங்கள்.

சுதீர்


சித்தூர்
22.6.2013

சுதீருக்கு,

கடைசியில் சாவி வெளியே வந்துவிட்டது. இதற்குத்தானே இவ்வளவு சுற்று.

அந்தப் படம் காமெடிதான். நான் பார்த்துத்தான் ஒட்டினேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒருவன் கல்யாண வீட்டில் தொலைந்த செருப்பைத் தேடி, கிடைக்காமல், மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். மாப்பிள்ளை வெறுங்காலோடு மேடையில் நிற்கிறான். பார்த்து நான் தனியாகச் சிரித்தேன், பக்கத்து டீக்கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார். கிளைமாக்ஸில் அந்தச் செருப்புத் திருடனுக்கே கல்யாணம், அவன் செருப்பு தொலைகிறது. இதில் லாரி எங்கே வந்தது? மழை எங்கே வந்தது? அப்படி ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை.

அப்படி இருந்தால் டிஸ்க் மாறியிருக்கிறது. மாற்றியது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? பச்சை அடுக்கை எண்ணுகிறேன் என்று உங்கள் மைத்துனர் என் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உங்களுக்குப் பெட்டி நிரப்புவதும் அந்த அடுக்கிலிருந்துதான். ஸ்டிக்கரை உரித்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கடையைப் பிடுங்க ஒரு காரணம் வேண்டும், காரணத்தையும் நீங்களே தயார் செய்துகொண்டீர்கள். அந்தப் பெரியவரும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ‘எழுத்தில் வேண்டாம்’ என்றால் அது எழுதக்கூடாத விஷயம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சாவியைக் கொடுக்கிறவர் அதற்கு முன் அந்த இரண்டு மணி நேரத்தையும் கொடுத்துவிட்டுக் கொடுக்கட்டும்.

பிரமிளா


திருப்பதி
26.6.2013

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை, ஆரம்பத்தைப் பற்றி ஐந்து வரியும் கிளைமாக்ஸைப் பற்றி ஒரு வரியும் எழுதியவர் இடைவேளையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்று கவனித்தேன். மூன்றாவது தடவை படித்துவிட்டுத் தரணியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தச் செருப்புத் திருடன் படத்தை முழுசாகப் பார்த்தேன்.

டிஸ்க் மாறவில்லை, அண்ணி. நீங்கள் சொன்ன செருப்பும் இருக்கிறது, நாகபூஷணம் சொன்ன லாரியும் இருக்கிறது.

மற்ற பதினொன்றையும் திரும்ப ஓட்டினேன். கடன் தாங்காமல் சாகிறவன், பிரசவத்தில் போகிறவள், அம்மாவைத் தொலைத்த பிள்ளை, இந்தப் படங்களுக்கெல்லாம் நீங்கள் நீலம்தான் ஒட்டியிருக்கிறீர்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு மனிதன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, வீட்டில் இருப்பவளுக்குப் போன் வருகிற படங்கள் மட்டும் பச்சை. பன்னிரண்டிலும் அதுதான். நம் படங்களில் எவ்வளவு பெரிய சாவு வந்தாலும் ஒரு காமெடி தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்டி ஓட்டிவிட்டால் மிச்சம் இருப்பது காமெடிதான். படத்தில் போன் அடித்தவுடன் நீங்கள் ரிமோட்டை அழுத்திவிடுகிறீர்கள். அழுத்துவது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இதை நான் மோசடி என்று நினைத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டது. எழுத்திலேயே தருகிறேன். அன்றைக்கு அண்ணனைக் கூப்பிட்டது இந்த விலைப் பட்டியலுக்குத்தான். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியாகிவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

“அழுவற படத்த எவன் வாங்கறான் தெரியுமா? வூட்ல அழ எடம் இல்லாதவன் வாங்கறான். அவன் கையில போயி மட்ட சரக்குன்னு இருபது ரூபா சீட்டு ஒட்டிக் குடுப்பியா?” என்றான்.

நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். “கட ரெண்டும் என் பேர்ல கீது. வெலய நான் போட்டுக்கறேன்” என்றேன். அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். “நீயே போட்டுக்கினு நீயே துன்னு” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். தரணி பின்னாலேயே ஓடினாள். நான் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ‘சாப்பிட்டுவிட்டுத்தானே கிளம்பினார்?’ நான் ஆமாம் என்றேன். அது பொய். அவன் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். அவன் போன பிறகும் அந்தப் பட்டியலை நான் விடவில்லை. விட்டால் அன்றைக்கு அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். சரியாக இருந்தவனை நான் பட்டினியாக அனுப்பினேன் என்று ஆகிவிடும்.

நேற்று நாகபூஷணம் திரும்ப வந்தார். அந்த டிஸ்க்கையே கேட்டார். “பாதியில நிறுத்திட்டோம்ல, மீதிய பாக்கணும்ன்றா. அன்னிக்கிதான் வாய் விட்டு அழுதா, இப்ப நாலு வார்த்த பேசிக்கினு கீறா. சொல்லுப்பா, இது அம்பதா இருபதா?” என்றார். சும்மா கொடுத்து அனுப்பினேன்.

சாவியை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

சுதீர்


சித்தூர்
30.6.2013

தம்பி,

அவர் சாப்பிடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

புத்தலப்பட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது எனக்குப் போன் செய்தார். “பசி உயிர் போவுது. வூட்ல இன்னா கீது?” என்றார். கீரைக் குழம்பு என்றேன். எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். அடுத்து அவர் நம்பரிலிருந்து போன் அடித்தபோது பேசியது வேறு யாரோ. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் உன்னிடம் கேட்டேன். நீ ஆமாம் என்றாய். பசியோடு வந்தவர் சாப்பிட்டார் என்று சொல்கிறவன் இன்னும் எதையெல்லாம் மறைப்பான் என்ற சந்தேகம் அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது. இந்த ஏழு மாதத்தில் நான் பட்ட சந்தேகம், நீ அனுப்பிய பட்டியல், உன் மைத்துனரின் டேப், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு ஆமாம்தான் இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போனான் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உன்னை நாலு அறை அறைந்திருப்பேன். அதோடு போயிருக்கும்.

கிரண்குமார் மேல் நான் சொன்னது அபாண்டம். அவரிடம் சொல்லிவிடு. ரீசார்ஜ் வேண்டுமானால் ஓரமாக மூன்றடி தருகிறேன், அதற்கு மேல் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பச்சை அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். இடைவேளை வந்தது. படத்தில் போன் அடித்தது. டி.வி.யில் படம் சட்டென்று வேறு எங்கோ ஓடியது. என் கையைப் பார்த்தேன், கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது. சத்தியமாக நான் அழுத்தியது எனக்குத் தெரியாது, தம்பி. உன்மேல் இவ்வளவு சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டேன். திரும்பவும் அழுத்தினேன். மூன்றாவது தடவை ரிமோட்டைத் திறந்து பேட்டரி இரண்டையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா லட்சுமம்மா வாய் விட்டு அழுதாள் என்று எழுதியிருந்தாயே. இங்கே டீக்கடைக்காரர் ஓடி வந்து ஷட்டரைத் தட்டினார்.

எண்ணிப் பார்த்ததில் என்னிடம் இப்படிப் பத்தொன்பது இருக்கிறது. உன்னிடம் மிச்சம் பதினொன்று. பதினொன்றையும் அனுப்பு. ஒரு நாளைக்கு ஒன்று வீதம் முப்பதையும் முழுசாகப் பார்த்து, ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுகிறேன். ஒரு மாதம் ஆகும். அதுவரை சாவி உன்னிடமே இருக்கட்டும், யாரிடமும் கொடுக்காதே. விலையைப் பற்றி உன்னோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. திருப்பதியில் வேன்காரரிடம் எண்பது வேண்டுமானாலும் வாங்கிக்கொள். இங்கே எல்லாம் முப்பது.

கன்னையா கொண்டு வரும் பெட்டியில் டிஸ்க்குக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அந்த இரண்டு பேட்டரிதான். கடையில் இருந்தால் நான் எடுத்துப் போட்டுவிடுவேன், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. நீ வைத்திரு. மாதம் முடிந்ததும் தரணியைக் கூட்டிக்கொண்டு வந்து கொடு. மத்தியானத்துக்கு வா. கீரைக் குழம்பு வைக்கிறேன். இலையில் உட்கார்ந்து எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடு, சாப்பிடாமல் எழுந்திருக்க விடமாட்டேன்.

அண்ணி